எந்த மாநிலம் மோசம் என்று நாங்கள் போட்ட சண்டை

எடிசன், நியூ ஜெர்சி

2020 மார்ச் 21-ம் தேதி கொரோனாவுக்காக எங்கள் ஆளுநர் எல்லோரையும் வீட்டோடு இருக்கச் சொன்னார். அன்றிரவே ஒரு எக்செல் கோப்பு திறந்தேன். கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் நாங்கள் பதினோரு பேர், அமெரிக்காவின் ஏழு மாநிலங்களில் சிதறிக் கிடந்தோம். சாப்பிட்டு முடித்ததும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கொரோனா எண்ணிக்கை வரைபடத்தைப் பார்த்து, மாநிலவாரியாகத் தொற்று ஒரு பத்தி, சாவு ஒரு பத்தி என்று அடித்து, கோட்டுப் படமாக்கிக் குழுவில் போடுவேன். திருச்சியிலிருந்து அம்மா தினமும் கூப்பிட்டு, "இன்னைக்கு உங்க ஊர்ல எத்தனைப்பா?" என்பார். பதில் சொல்ல ஒரு எண் வேண்டுமே.

ஏப்ரல் முதல் பாதி இன்னும் மறக்கவில்லை. பக்கத்து நியூயார்க் மாநிலத்தில் ஒரு நாளைக்கு 700, 800 சாவு. எங்கள் மேல்வீட்டில் ஒரு குஜராத்தித் தாத்தா. ஐந்து நாள் காய்ச்சல். மூச்சுத் திணறல் வந்தால்தான் பரிசோதனை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆறாம் நாள் விடியற்காலையில் ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். ரப்பர் செருப்பு படிக்கட்டிலேயே கிடந்தது. அவர் திரும்பி வரவில்லை. பரிசோதனையே செய்யாததால் என் தொற்றுப் பத்தியில் அவர் இல்லை, சாவுப் பத்தியிலும் இல்லை.

ஜூன் 25-ம் தேதி எங்கள் மாநிலம் 1,854 பேரைக் 'கொரோனாவால் இறந்திருக்கக்கூடும்' என்ற கணக்கில் ஒரே நாளில் சேர்த்தது. படுத்துக் கிடந்த கோடு கோபுரம் மாதிரி எழும்பியது. உடனே டெக்சாஸ்காரன், "என்னடா, திரும்ப ஆரம்பிச்சிடுச்சா?" என்று கேட்டான். எல்லாம் பழைய சாவு, இப்போதுதான் எண்ணியிருக்கிறார்கள் என்று புரியவைக்க ராத்திரி ஒரு மணி ஆகிவிட்டது. அந்த 1,854-ல் தாத்தாவும் ஒருவரா? அவர் மகனிடம் கேட்க வாய் வரவில்லை.

பிளேனோ, டெக்சாஸ்

கேட்டது நான்தான். மே 1-ம் தேதியே எங்கள் ஊரில் கடைகளைத் திறந்தாகிவிட்டது. "எங்க வெயிலுக்கு வைரஸ் தாங்காது" என்று குழுவில் எழுதினேன். அந்தச் செய்தியை இவர்கள் இன்னும் எடுத்துப் போட்டு ஓட்டுகிறார்கள்.

ஜூனில் தொற்றுக் கோடு ஏறியது, சாவுக் கோடு அசையவில்லை. பரிசோதனை அதிகம், அதனால் எண்ணிக்கை அதிகம், அவ்வளவுதான் என்று வாதாடினேன். தொற்று வந்தவர் ஆஸ்பத்திரிக்குப் போய், ஐசியூவுக்குப் போய், இறந்து, அந்தத் தகவல் மாநிலக் கணக்கில் ஏற இரண்டு மூன்று வாரமாவது ஆகும் என்பது என் மண்டையில் ஏறவில்லை. ஜூன் 26 பார்களை மூடினார்கள். ஜூலை 2 முகக்கவசம் கட்டாயம். அப்புறம் மெக்சிகோ எல்லையோர ரியோ கிராண்டே பள்ளத்தாக்கிலிருந்து வந்த செய்திகளைப் படிக்க முடியவில்லை. போதாக்குறைக்கு ஜூலைக் கடைசியில் எங்கள் மாநிலம் இறப்புச் சான்றிதழை வைத்து எண்ணும் முறைக்கு மாறியது. எங்களுக்கும் ஒரு கோபுரம்!

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். நாங்கள் 2.9 கோடி பேர், நியூ ஜெர்சி ஏறக்குறைய 90 லட்சம். மொத்த எண்ணை மொத்த எண்ணோடு வைத்துத்தான் இரண்டு மாதம் சண்டை போட்டிருக்கிறேன்.

சூ ஃபால்ஸ், தெற்கு டகோட்டா

குழுவில் எங்களை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. மாநிலம் முழுக்க 9 லட்சம் பேர்கூட இல்லை. ஏப்ரலில் எக்செல் படம் வரும்போது எங்கள் கோடு தரையோடு தரையாக ஓடும். ஆகஸ்டில் ஸ்டர்ஜிஸ் என்ற ஊரில் வழக்கமான மோட்டார் சைக்கிள் திருவிழா. நான்கு லட்சத்துக்கு மேல் வண்டிகள் வந்தன. நவம்பரில் லட்சம் பேருக்கு எத்தனை தொற்று என்று பார்த்தால் இரண்டு டகோட்டாக்களும்தான் நாட்டில் உச்சியில். வடக்கு டகோட்டா முகக்கவசத்தைக் கட்டாயமாக்கியது, எங்கள் ஆளுநர் கடைசிவரை செய்யவில்லை. மொத்த எண் வரையும் படத்தில் அப்போதும் எங்கள் கோடு தரையில்தான்.

டாம்பா, ஃபுளோரிடா

சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 ஆகஸ்டில், டெல்டா வகைக் கொரோனா அலை உச்சத்தில் இருந்தபோது, எங்கள் மாநிலம் சாவுகளைத் தகவல் வந்த நாளில் காட்டாமல் இறந்த நாளில் காட்ட ஆரம்பித்தது. தப்பில்லை, சரியான முறைதான். ஆனால் கடைசி இரண்டு வாரச் சாவுகள் பாதிகூட வந்து சேர்ந்திருக்காது. அதனால் படத்தின் வலது ஓரம் எப்போதும் இறங்குமுகம். "குறையுதுடா" என்று நானே மூன்று வாரம் தொடர்ந்து சொல்லியிருக்கிறேன்.

எடிசன், நியூ ஜெர்சி (மறுபடியும்)

2023 மார்ச் 10-ம் தேதி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் எண்ணுவதை நிறுத்தியது, நானும் நிறுத்தினேன். அதே மாதம் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. வயதையும் மற்ற நோய்களையும் சரிக்கட்டிப் பார்த்தால் லட்சம் பேருக்கு அரிசோனாவில் 581 சாவு, ஹவாயில் 147. மூன்று வருடச் சண்டையில் அரிசோனாவை ஒருத்தனும் முதலிடத்தில் வைத்ததில்லை. அங்கே ஃபீனிக்ஸ் நகரில் இருக்கும் நண்பன் எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் மட்டும் போட்டுக்கொண்டிருந்தான். இதற்கும் அதையே போட்டான்.

அம்மா விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த ஏப்ரலில் எங்கள் மாநில எண்ணை அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சாவு குறைவாக இருந்த வெர்மான்ட் மாநில வரிசையைப் பார்த்து அதில் இருப்பதைச் சொல்வேன். "டிவியில வேற மாதிரி சொல்றானே?" என்பார். "அது நியூயார்க்மா, பக்கத்து ஊரு."