"ஏகமனதாக" என்று எழுதினார்கள்: சொல்லாமல் விழுங்கிய கருத்துகள், உங்கள் அனுபவம் என்ன?

செந்தூல் வாசகி:

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, என் மகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம். நாற்காலி போதாமல் நாங்கள் சிலர் சுவர் ஓரமாக நின்றோம். அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் நடத்தும் இருமொழித் திட்டம் நம் பள்ளிக்கு வேண்டுமா என்பதுதான் பேச்சு. மலேசியாவில் 2016இல் வந்த இந்தத் திட்டத்தை ஒரு பள்ளி எடுப்பதற்குப் பெற்றோரின் ஆதரவும் ஒரு நிபந்தனை. அதற்காகத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

எனக்கு அந்தத் திட்டத்தில் விருப்பமில்லை. 2003இல் இதே இரண்டு பாடங்களையும் ஆங்கிலத்துக்கு மாற்றியபோது என் தம்பி முதலாம் ஆண்டு சேர்ந்தான். வீட்டில் யாரும் ஆங்கிலம் பேசமாட்டோம். ஒரு ரொட்டியை நான்காகப் பிட்டு அதில் ஒன்று கால் பங்கு என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்வான். அதையே பள்ளியில் ஆங்கிலத்தில் கேட்டால் விழிப்பான். தினமும் இரவு அடுக்குமாடி வீட்டு நடைபாதையில் உட்கார்ந்து, புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் நான் தமிழில் சொல்லிக் கொடுப்பேன். மூன்றாம் ஆண்டு வருவதற்குள், "எனக்குக் கணக்கு வராதுக்கா" என்று அவனே முடிவு செய்துவிட்டான்.

இதைச் சொல்வதற்காகத்தான் கூட்டத்துக்குப் போனேன். முதலில் பேசிய மூன்று பேரும் திட்டத்துக்கு ஆதரவு. நன்றாகப் பேசினார்கள், கைத்தட்டல் வந்தது. அப்புறம் ஒரு பெரியவர் எழுந்து, "தமிழிலேயே இருக்கட்டுமே" என்று ஆரம்பித்தார். "ஏன் ஐயா, உங்க பேரன் தோட்டத்துக்கா வேலைக்குப் போகப் போறான்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபமே சிரித்தது. அவர் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

அந்தச் சிரிப்பில் என் வாய் அடைத்துவிட்டது. "வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள்" என்று கேட்டபோது பையின் வாரைப் பிடித்தபடியே நின்றேன். அந்தப் பெரியவரும் தூக்கவில்லை. "ஏகமனதாக ஏற்கப்பட்டது" என்று கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். அது பொய். அந்தப் பொய்யை எழுத நானும் உதவியிருக்கிறேன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

அப்புறம் கேன்டீனில் பசியாறும்போது, மண்டபத்தில் என் பக்கத்தில் நின்ற அம்மா, "எனக்கும் பிடிக்கலதான் அக்கா. யாரு எந்திரிச்சுப் பேசுறது?" என்றார். எதிரே நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தவரும் தலையாட்டினார். ஒரே மேசையில் மூன்று பேர்! தான் ஒருத்திதான் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டு அந்த மண்டபத்தில் நின்றிருக்கிறோம்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். எந்தப் பக்கம் என்று நான் பார்க்கவில்லை.

பட்டர்வொர்த் அப்பா:

சகோதரி, நான் உங்களுக்கு நேர் எதிர்ப்பக்கம். பிறையில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கிறேன். இயந்திரக் கையேடுகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான். அதைப் படித்துப் புரிந்துகொள்ள நான் பட்ட பாட்டை என் பிள்ளை படக் கூடாது என்று நினைக்கிறேன். "தமிழ்ப்பள்ளியை விடமாட்டேன், ஆனால் இந்த இரண்டு பாடமும் ஆங்கிலத்தில் இருந்தால் நல்லது" என்று முகநூலில் எழுதினேன். அவ்வளவுதான்.

ஒரு மணி நேரத்துக்குள் நான் தமிழ்த் துரோகி ஆகிவிட்டேன். என் பதிவைப் படம் பிடித்து, பக்கத்தில் என் பிள்ளையோடு நான் நிற்கும் படத்தையும் ஒட்டி, புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றவிட்டார்கள். அது எங்கள் சொந்தக்காரர்கள் குழுவுக்கே வந்தது. "நம்ம குடும்பத்துல இப்படி ஒருத்தனா?" என்று என் சொந்த மாமா எழுதினார். என்னைத் தூக்கி வளர்த்தவர். அன்று இரவே பதிவை அழித்துவிட்டேன்.

அதைவிட வலித்தது ஒன்று உண்டு. நான்கைந்து பேர் தனியாக, "நீங்க சொன்னது சரிதான் அண்ணே" என்று செய்தி அனுப்பினார்கள். அதில் ஒருவர்கூட என் பதிவுக்குக் கீழே ஒரு வரி எழுதவில்லை. எழுதியிருந்தால் நான் அழித்திருக்கமாட்டேன். இப்போது முகநூலில் தைப்பூசப் படமும் பிறந்தநாள் வாழ்த்தும் மட்டும்தான் போடுகிறேன்.

ஓய்வுபெற்ற துணையாசிரியர், கோலாலம்பூர்:

இருவருக்கும் வணக்கம். ஒரு தமிழ் நாளிதழில் வாசகர் கடிதப் பக்கத்தைச் சில ஆண்டுகள் கவனித்தவன் நான். நீங்கள் இருவரும் சொன்னது நடக்க என் மேசையும் ஒரு காரணம். இதுவரை நான் யாரிடமும் சொல்லாதது இது.

சமூகத்தில் சூடாக ஏதாவது ஒரு விவகாரம் கிளம்பினால், முதல் வாரம் இரண்டு பக்கக் கடிதங்களும் வரும். நாங்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்தையே போட்டோம். மேலிருந்து யாரும் உத்தரவு போடவில்லை. 1984ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி நாளிதழ்கள் ஆண்டுதோறும் அரசாங்கத்திடம் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்த காலம் அது. 2012இல்தான் அந்த ஆண்டுப் புதுப்பிப்பை எடுத்தார்கள். "எதுக்கு வம்பு" என்பது எங்கள் கையிலேயே ஊறிப்போயிருந்தது. அரசாங்கத்துக்குச் சம்பந்தமே இல்லாத கோயில் விஷயத்திலும் பள்ளி விஷயத்திலும்கூட அதே கைதான் கடிதங்களைப் பிரித்தது. மூன்றாம் வாரம் பார்த்தால் மறுபக்கக் கடிதம் ஒன்றுகூட வராது. "பாத்தீங்களா, ஜனங்க எல்லாம் ஒரே கருத்துதான்" என்று நாங்களே பேசிக்கொள்வோம். அவர்கள் மனம் மாறவில்லை. எழுதி என்ன ஆகப் போகிறது என்று விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான்.

என் மகள் ஊடகவியல் படித்தபோதுதான் இதற்கு ஒரு பெயர் இருப்பது தெரிந்தது: மௌனச் சுருள். எலிசபெத் நோயல்-நோய்மான் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1974இல் எழுதியது. ஊரில் எந்தக் கருத்துக்குக் காற்று வீசுகிறது என்று மனிதர்கள் ஓயாமல் மோப்பம் பிடிக்கிறார்கள், அதில் ஒரு பகுதியை ஊடகத்திலிருந்துதான் எடுக்கிறார்கள், தனித்துப்போவோமோ என்ற பயத்தில் வாயை மூடுகிறார்கள், அவர்கள் மூட மூட எதிர்க்கருத்து இன்னும் பெரிதாகத் தெரிகிறது என்றார். அதை அளக்க அவர் கேட்ட கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும். ஐந்து மணி நேர ரயில் பயணம், எதிரே இருப்பவர் உங்களுக்கு எதிரான கருத்தைப் பேசுகிறார், நீங்கள் பேச்சில் கலந்துகொள்வீர்களா? நம் கோலாலம்பூர்–பட்டர்வொர்த் ரயிலைவிடக் கொஞ்சம் நீளமான பயணம்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருப்பேன்.

இணையம் வந்தால் எல்லாரும் பேசுவார்கள் என்று நம்பினேன். பட்டர்வொர்த் தம்பிக்கு நடந்தது அதைப் பொய்யாக்குகிறது. 2014இல் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட அறிக்கையும் அதையே சொன்னது. அமெரிக்க அரசு மக்களின் தொலைபேசி, இணையத் தொடர்புகளை வேவு பார்த்ததை ஸ்னோடன் என்பவர் அம்பலப்படுத்திய விவகாரத்தை நேரில் பேசத் தயார் என்றவர்கள் 86 விழுக்காடு. முகநூல், டுவிட்டர் பயன்படுத்துபவர்களில் அதை அங்கே எழுதத் தயார் என்றவர்கள் 42 விழுக்காடுதான்.

செந்தூல் அம்மா, உங்களுக்கு ஒரு யோசனை. 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர், கோட்டின் நீளத்தைச் சொல்லச் சொல்லி ஒரு சோதனை நடத்தினார். அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும், சொல்லிவைத்தபடி தவறான விடையைச் சொல்வார்கள். ஒரு முறையாவது அந்தத் தவறான விடைக்குத் தலையாட்டியவர்கள் நிறைய. ஆனால் கூட ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலும், விடையைத் தாளில் எழுதித் தரலாம் என்றாலும், தலையாட்டுவது வெகுவாகக் குறைந்தது. அடுத்த கூட்டத்தில் துண்டுச் சீட்டு கேளுங்கள்.

செந்தூல் வாசகி:

நன்றி ஐயா. கேன்டீனில் பார்த்த அந்த அம்மாவைத் தேடிப் பிடித்தேன். "ஏகமனதாக" என்பதை எடுத்துவிட்டு, மறுபடி சீட்டு மூலம் கருத்துக் கேட்க வேண்டும் என்று சங்கத் தலைவருக்கு இருவரும் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. அந்தப் பெரியவரின் வீடு எங்கள் புளோக்கிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். நாளைக்குப் போய்ப் பார்க்கிறேன்.

பட்டர்வொர்த் அண்ணே, உங்கள் கருத்தை நான் ஏற்கவில்லை, என் தம்பியை நினைத்தால் ஏற்கவும் முடியாது. ஆனால் அந்தப் பதிவு உங்களிடம் இருந்தால் மறுபடி போடுங்கள். கீழே முதல் மறுப்பை நான் எழுதுகிறேன், உங்களைத் துரோகி என்று சொல்லாமல்.