புதுப்பிப்பு: ஊசி எடுத்தால் கை நடுங்குகிறது என்று எழுதியிருந்தேனே

மூன்று வாரம் முன்பு எழுதியது நினைவிருக்கும்: ஹவுஸ் சர்ஜனாக (பயிற்சி டாக்டராக)ச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியும் வென்ஃப்ளான் (மருந்தோ சலைனோ ஏற்ற நரம்பில் செருகும் ஊசிக்குழாய்) போடப் போனால் கை நடுங்குகிறது, வெளியே சொல்லவும் பயம் என்று. “சீனியரிடம் வாய்விட்டுச் சொல்” என்றீர்கள். சொல்லிவிட்டேன்.

இரவு டூட்டி. வயிற்றுப்போக்கில் வற்றிப்போன ஒரு பாட்டி. நரம்பே தெரியவில்லை, முதல் குத்து தவறியது. மேற்படிப்பு படிக்கும் சீனியர் டாக்டரான பிஜி அக்காவிடம் போய், “அக்கா, எனக்குப் பயமா இருக்கு” என்றேன். தொண்டை அடைத்தது.

அவர் ஊசியை வாங்கிக்கொள்ளவில்லை. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். “பச்சை வேண்டாம், நீலம் எடு, அது மெல்லிசு. கண்ணால தேடாதே, விரலால தடவிப் பார்.” பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்ல கண்ணு, மெதுவாப் போடு” என்று மறுகையை நீட்டினார். விரலுக்கடியில் மெத்தென்று ஒரு நரம்பு எழும்பியது. ஊசிக்குப் பின்னால் ரத்தம் ஏறி நின்றதும்தான் மூச்சு விட்டேன்.

அப்புறம் டீ குடிக்கும்போது அக்கா சொன்னார், பயிற்சிக் காலத்தில் அவரும் பாத்ரூமில் நின்று அழுதிருக்கிறாராம். எனக்கு அதுதான் பெரிய ஆறுதல்.

நடுக்கம் முழுதாகப் போகவில்லை. நேற்று நாலு பேருக்குப் போட்டேன். ஒன்று தவறியது, உடனே அக்காவைக் கூப்பிட்டேன்.