17 வரைவா, 17 தடவை சேமித்ததா?

ஒற்றெழுத்து:
படிப்புக்காகச் செய்த வேலைகளைப் பற்றி வெள்ளைத்தாள் எழுதிய மீள்பார்வைக் கட்டுரையை நேற்று படித்தேன். ஒரு சுவரொட்டி, எட்டுப் பக்கக் கையேடு, ஒரு கட்டுரை. மூன்றையும் எப்படிச் செய்தேன், எங்கே தடுமாறினேன் என்று சொல்கிறார். எல்லாம் சரி. "சுவரொட்டிக்கு மட்டும் 17 வரைவுகள் போட்டேன்" என்று ஒரு வரி வருகிறது பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரே இணைத்திருக்கும் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். 6க்கும் 7க்கும் என்ன வித்தியாசம்? தலைப்பு மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ளியிருக்கிறது. 11க்கும் 12க்கும்? மஞ்சள் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. இதற்குப் பெயர் வரைவு என்றால் நான் காலையில் தலை சீவுவதும் வரைவுதான்.

வெள்ளைத்தாள்:
தலைப்பு ஏன் நகர்ந்தது என்று கட்டுரையிலேயே எழுதியிருக்கிறேன். ஓரம் வெட்டும்போது கத்தி கொஞ்சம் விலகும் என்பதை மறந்து தலைப்பை விளிம்போடு ஒட்டி வைத்துவிட்டேன். அப்படியே அச்சுக்குப் போயிருந்தால் முதல் எழுத்து பாதி போயிருக்கும். மஞ்சள் விஷயமும் அப்படித்தான். மஞ்சள் மேல் சாம்பல் எழுத்து, நாலடி தள்ளி நின்றால் படிக்க முடியவில்லை. வலைத்தள அணுகல் நெறிகளில் எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி மாறுபாடு, சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 என்று கேட்கிறார்கள். என்னுடையது 3ஐக்கூடத் தொடவில்லை. அதனால் மாற்றினேன். மாற்றினால் அது புது வரைவுதானே?

ஒற்றெழுத்து:
சுவரொட்டி எப்போது வலைத்தளம் ஆனது? அது கிடக்கட்டும். தவறைத் திருத்துவது திருத்தம். வரைவு என்றால் யோசனையே மாற வேண்டும். உங்கள் 17இல் யோசனை மாறியது 1, 4, 9 மூன்றில்தான். ஆக 3. மீதி 14ம் சேமி பொத்தானை அமுக்கிய கணக்கு.

மைக்கறை:
செய்யும் வேலையைப் பற்றி யோசிப்பதை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் டொனால்ட் ஷோன் 1983இல் இதைத் தெளிவாகப் பிரித்து எழுதிவிட்டார். செய்துகொண்டிருக்கும்போதே யோசிப்பது ஒன்று, செய்து முடித்தபின் திரும்பிப் பார்ப்பது இன்னொன்று. மஞ்சளை வெளுக்க வைத்தது முதல் வகை, அதைப் பற்றி எழுதியது இரண்டாம் வகை. இரண்டும் கட்டுரையில் இருக்கிறது. எண்ணிக்கையில் என்ன வந்தது? சண்டை போடத்தான் வேண்டுமென்றால் முதலில் 'வரைவு' என்று எதைச் சொல்கிறோம் என்று பேசிவிட்டு...

ஒற்றெழுத்து:
அதெல்லாம் பேச வேண்டாம். 17 என்று எழுதினார். 17 இருக்கிறதா இல்லையா? அவ்வளவுதான் கேள்வி.

பழையபேனா:
மதிப்பெண் தாளில் 'செயல்முறைக்குச் சான்று' என்று ஒரு கட்டம் போட்டுவைத்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? சான்று தயாரிப்பார்கள். நான் படித்தபோது கணினியில் வேலையை முடித்த பிறகு, சமர்ப்பிப்பதற்கு முந்தைய ராத்திரி உட்கார்ந்து, பென்சிலால் நாலு 'ஆரம்பகால' ஓவியங்கள் வரைந்தேன். புதுசாகத் தெரியக் கூடாது என்று தாளைக் கசக்கி, உள்ளங்கையால் நீவி, மூலையில் சின்னதாகக் கிழித்து ஒட்டினேன். அந்தப் பகுதிக்கு முழு மதிப்பெண். இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒற்றெழுத்து:
வந்துவிட்டது பாருங்கள் வாக்குமூலம்! நான் சொன்னதுதான்.

பழையபேனா:
நீங்கள் சொன்னது வேறு, நான் சொன்னது வேறு. வெள்ளைத்தாள் பொய் சொன்னார் என்று நான் சொல்லவே இல்லை. கட்டத்தைக் குறை சொன்னேன்.

கோணல்மானல்:
ஒற்றெழுத்து ஐயா எண்ணுவதில் இவ்வளவு கெட்டிக்காரர் என்பதால் கேட்கிறேன். போன பருவத்தில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்த கையேடு ஞாபகம் இருக்கிறதா? உள்ளே இருந்த எழுத்து முழுவதும் நான் எழுதியது. உங்கள் மீள்பார்வையில் 'நான்' 31 இடத்தில் வருகிறது, 'நாங்கள்' இரண்டே இடத்தில். அதில் ஒன்று, "நாங்கள் தாமதமாகச் சமர்ப்பித்தோம்". நல்லதெல்லாம் நான், தாமதம் மட்டும் நாங்கள்!

ஒற்றெழுத்து:
ஒருவர் கட்டுரையில் 'நான்' எத்தனை என்று உட்கார்ந்து எண்ண நேரம் இருக்கிறவரிடம் நான் என்ன பேசுவது?

கோணல்மானல்:
நீங்கள் 17ஐ எண்ணியபோது இருந்த அதே நேரம்தான்.
அப்புறம் அந்தக் கையேட்டில் வரி இடைவெளியைத் தொடாமல், பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைன் தானாக விடும், எழுத்தளவில் 120 சதவீதத்திலேயே விட்டுவிட்டீர்கள். ஆங்கிலத்துக்கு அது போதும். நம் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் உறுப்பு உண்டு. மூன்றாம் பக்கத்தில் மேல்வரி 'கூ'வின் வாலும் கீழ்வரி 'கி'யின் கொம்பும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தன. அதைப் பற்றி உங்கள் மீள்பார்வையில் ஒரு வார்த்தை உண்டா?

ஒற்றெழுத்து:
'கி'க்குக் கொம்பு கிடையாது. 'கெ'க்குத்தான் கொம்பு. 'கி'க்கு இருப்பது விலங்கு. கையேடு முழுவதையும் எழுதியவருக்கு இதுகூடத் தெரியவில்லை.

கோணல்மானல்:
பெயர் எதுவாக இருந்தால் என்ன, முட்டியது முட்டியதுதானே!

மைக்கறை:
நாம் பேச வந்தது மீள்பார்வையைப் பற்றி.

வெள்ளைத்தாள்:
ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். சுவரொட்டியைவிட எனக்குப் பாடம் கற்றுக்கொடுத்தது கட்டுரைதான். அதற்கு மூன்றே வரைவு. முதல் இரண்டிலும் 'மனிதன் தோன்றிய நாள் முதலாக' என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம் ஊர்வலம் போயிருந்தேன். சத்தமாகப் படித்துப் பார்த்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. ஐந்தாம் பத்தியில்தான் சொல்ல வந்ததே இருந்தது. அதைத் தூக்கி முதலில் வைத்து, முன்னால் இருந்த நாலையும் அழித்தேன். அழித்த நாலில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்த பத்தி. இதையெல்லாம் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். அதைப் பற்றி இங்கே ஒருவரும் பேசவில்லை.

ஒற்றெழுத்து:
அதில் மூன்று என்று எழுதினீர்கள், மூன்று இருக்கிறது. நேர்மை. அதனால் பேசவில்லை. சுவரொட்டியில் 17 என்று எழுதினீர்கள்.

பழையபேனா:
கல்வியாளர் கிப்ஸ் 1988இல் மீள்பார்வைக்கு ஆறு படி கொடுத்தார்: நடந்தது, உணர்ந்தது, நல்லது கெட்டது, அலசல், முடிவு, அடுத்த திட்டம். ஏழாவதாக 'ஒற்றெழுத்து ஐயாவிடம் கணக்குக் காட்டுதல்' என்று ஒரு படியைச் சேர்த்துவிடலாம்.

ஒற்றெழுத்து:
கிண்டல் செய்யுங்கள். தாளைக் கசக்கியவர்கள் செய்யத்தான் செய்வார்கள். நான் கேட்பது ஒன்றுதான். 11ஐயும் 12ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரிந்தால் ஒப்புக்கொள்கிறேன்.

கோணல்மானல்:
இவர் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. 31 'நான்' பற்றி இன்னும் பதில் வரவில்லை.

வெள்ளைத்தாள்:
11, 12 இரண்டையும் மறுபடி இணைத்திருக்கிறேன். கோப்புகளைத் தேடும்போது 'கடைசி', 'கடைசி_நிஜம்' என்ற பெயர்களில் இரண்டு இருந்தன. இரண்டும் ஒன்று என்று நினைத்திருந்தேன். திறந்து பார்த்தால் படம் வேறு, வாசகமும் வேறு. ஆக மொத்தம் 18.

ஒற்றெழுத்து:
பார்த்தீர்களா? 17 இல்லை என்று முதல் வரியிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.