புதுப்பிப்பு: அக்காவின் கண்ணுக்குள் வந்த மெலனோமா

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: தோலில் ஒரு மச்சம்கூட மாறாத அக்காவுக்குக் கண்ணுக்குள் மெலனோமா என்ற நிறமிச் செல் புற்றுநோய் எப்படி வந்தது, தோல் மெலனோமாவுக்குத் தரும், பிராஃப் என்ற மரபணுவின் மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரையை ஏன் தரவில்லை என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த துளியின் மரபணுப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. நிறமிச் செல்கள் கண்ணின் நடுப்படலத்திலும் உண்டு. அங்கே தொடங்கும் கட்டியில் பிராஃப் மாற்றம் மிக அரிது. பெரும்பாலும் ஜிஎன்ஏக்யூ அல்லது ஜிஎன்ஏ11 மரபணுதான் மாறியிருக்கும். அக்காவுக்கு ஜிஎன்ஏ11. அந்த மாத்திரைக்கு இங்கே வேலையே இல்லை.

கண்ணை எடுக்கவில்லை. பொத்தான் அளவில் ஒரு தங்கத் தகடு, உள்பக்கம் கதிரியக்க அயோடின் விதைகள். கட்டிக்கு நேர் பின்னால் விழிவெண்படலத்தில் தைத்து, ஐந்தாம் நாள் எடுத்தார்கள். கட்டைப் பிரித்ததும் என் விரல்களை எண்ணச் சொன்னேன். “மூணு” என்றாள். சரிதான். நடுத்தர அளவுக் கட்டிக்குக் கண்ணை எடுத்தாலும் தகடு வைத்தாலும் ஆயுளில் வித்தியாசமில்லை என்று அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு காட்டியிருக்கிறது. அது தெரியாமல் “எடுத்துவிடலாமே” என்று நான்தான் வாதாடினேன்.

இனி பயம் கல்லீரலைப் பற்றித்தான். பரவினால் பெரும்பாலும் அங்கேதான் போகும். கட்டியில் மூன்றாம் குரோமோசோம் ஒன்று குறைந்திருப்பதால் பரவும் ஆபத்து அதிகம்; அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்ஆர்ஐ. பரவிய நிலைக்கு 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெபென்டஃபஸ்ப் என்ற மருந்து இருக்கிறது. ஆய்வில் அதைப் பெற்றவர்களில் 73 சதவீதத்தினர் ஓராண்டைத் தாண்டினார்கள்; வேறு சிகிச்சை பெற்ற குழுவில் 59. ஆனால் எச்எல்ஏ-ஏ 02:01 என்ற திசு வகை உள்ளவர்களுக்குத்தான் அது வேலை செய்யும். அக்காவின் வகையைப் பார்க்க நேற்று இரத்தம் கொடுத்தோம்.