அனல்மின் நிலையப் புகைக்கழுவி வண்டலில் ஜிப்சம் பலகை செய்ய முடியுமா?

கேள்வி – வெண்சாந்து:
ஃபால்ஸ் சீலிங் பலகை செய்யும் சிறு ஆலையில் தரக்கட்டுப்பாட்டைப் பார்த்துவருகிறேன். நிலக்கரி மின் நிலையம் ஒன்றின் எஃப்.ஜி.டி. (புகையிலிருந்து கந்தகத்தைக் கழுவி நீக்கும் அமைப்பு) கழிவு மலிவாகக் கிடைக்கும் என்று மாதிரி தந்தார்கள். சாம்பல் நிறம், கெட்டிக் களிமண் போலிருந்தாலும் உள்ளங்கையில் வைத்து அசைத்தால் இளகி ஓடுகிறது. 105 டிகிரியில் உலர்த்தியதில் எடை ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. இதைப் பலகைத் தரத்துக்குக் கொண்டுவர வழி உண்டா?

மறுமொழி – காளவாய்:
அசைத்தால் இளகுவது பெரும்பாலும் கால்சியம் சல்பைட்டின் குணம். சுண்ணாம்புக்கல் கூழ், புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடை உறிஞ்சும்போது முதலில் சல்பைட்தான் உண்டாகிறது. புகையைக் கழுவும் கோபுரத்தின் அடித்தொட்டியில் ப்ளோயர் மூலம் காற்றை ஊதினால்தான் அது முழுமையாக ஜிப்சமாகும். சல்பைட் படிகங்கள் மெல்லிய தகடுகளாக இருந்து தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஜிப்சம் படிகங்கள் பருத்து வளர்வதால் வெற்றிட வடிகட்டியில் ஈரத்தை 10 சதவீதத்துக்குள் இறக்கிவிடலாம். ஒரு சிட்டிகை மாதிரியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பாருங்கள். மணமின்றி நுரைத்தால் எஞ்சிய சுண்ணாம்புக்கல். தீக்குச்சி உரசியது போன்ற நெடி வந்தால் சல்பைட். ஆனால் ஈரத்தை 105 டிகிரியில் அளக்காதீர்கள். ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ 21 சதவீதம் படிகநீர் (படிகத்துக்குள்ளேயே பிணைந்திருக்கும் நீர்), அந்தச் சூட்டில் அதுவும் கழன்று உங்கள் கணக்கைக் குழப்பும். 45 டிகிரி போதும்.

மறுமொழி – வடிதட்டு:
காற்று சரியாக ஊதப்பட்டாலும் குளோரைடு என்ற தலைவலி இருக்கிறது. அது நிலக்கரியிலிருந்தே வந்து கூழில் கரைகிறது. ஐரோப்பியப் பலகை ஆலைகள் தூய்மை 95 சதவீதத்துக்கு மேலும் குளோரைடு 0.01 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்கின்றன. குளோரைடு மிஞ்சினால் பலகையின் மேல்தாள் சாந்தோடு பிடிக்காமல் உரிந்து வரும். கரையும் உப்பு என்பதால் பெல்ட் வடிகட்டியின் மேலேயே நன்னீர் தெளித்துக் கழுவிவிடலாம். சாம்பல் அப்படிப் போகாது, அதை முன்னதாகவே ஹைட்ரோசைக்ளோனில் (கூழைச் சுழற்றிப் பருந்துகளையும் நுண்துகளையும் பிரிக்கும் கருவி) நுண்துகளாகப் பிரித்துவிட வேண்டும். கழுவிய நீரில் குளோரைடோடு உலோகங்களும் இருக்கும், சுத்திகரிக்காமல் வெளியே விட முடியாது. இந்தச் செலவைச் சேர்க்காமல்தான் பலரும் மலிவு என்கிறார்கள்.

வெண்சாந்து:
அமிலம் விட்டேன், நெடி மூக்கைத் துளைத்தது. எங்கள் ஆலையிலேயே தொட்டி வைத்துக் காற்றூதலாமா?

காளவாய்:
முடியும், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். சல்பைட் அமிலச் சூழலில்தான் விரைவாகக் கரைந்து மாறும் என்பதால் கந்தக அமிலம் சேர்க்க வேண்டியிருக்கும். கவனம் தப்பினால், அவர்கள் பாடுபட்டுப் பிடித்த வாயு உங்கள் கொட்டகைக்குள் கிளம்பும். ப்ளோயர் ஒழுங்காக ஓடுகிறதா என்று மின் நிலையத்தாரிடமே கேளுங்கள். ஒரு டன் கந்தக டை ஆக்சைடைப் பிடித்தால் ஏறத்தாழ 2.7 டன் ஜிப்சம் வரும், அதைக் கொட்ட இடம் தேடும் நெருக்கடி அவர்களுக்கும் உண்டு. ஆகவே ஈரம், சல்பைட், குளோரைடு மூன்றுக்கும் வரம்பை எழுத்தில் வாங்கிய பிறகே விலை பேசுங்கள்.