சா/த (க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகள் வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள், புள்ளி ஏறவில்லை. எந்தப் பழக்கத்தை முதலில் மாற்றுவது?

மாலைவகுப்பு_ஹட்டன்:
தோட்டத்து மாலை வகுப்பு, தரம் 10, 11. சோம்பேறிப் பிள்ளைகள் இல்லை. வரலாறு, விஞ்ஞானக் கொப்பிகளைத் திருப்பித் திருப்பி வாசிக்கிறார்கள். பக்கத்தில் பாதி மஞ்சள் ஹைலைட்டர். நோட்ஸைப் புதுக் கொப்பியில் அழகாகப் பார்த்தெழுதுகிறார்கள். தவணைப் பரீட்சையில் 35ஐத் தாண்டுவதே பெரும்பாடு. முதல்நாள் இரவு கண்விழிப்பு, போன் வேறு. அநேகர் லயத்துக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில்) இருப்பவர்கள், தனி மேசை கிடையாது. அதையும் யோசித்துச் சொல்லுங்கள்.

விஞ்ஞானம்_பண்டாரவளை:
போனை விடுங்கள், முதலில் மறுவாசிப்பில் கை வையுங்கள். மூன்றாம் தரம் வாசிக்கும்போது எல்லாம் பழகின முகமாகத் தெரியும், பிள்ளை அதைத் "தெரியும்" என்று எடுத்துக்கொள்ளும். விடையைச் சொந்தமாக எழுத வேண்டிய பகுதி II வினாத்தாளில் பார்க்க ஒன்றும் இருக்காது.

பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம், 10 நிமிடம் வாசிக்கட்டும். புத்தகத்தை மூடிப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டும். மடியில் இருந்தால் எட்டிப் பார்ப்பார்கள். வெற்றுத்தாளில் 5 நிமிடம் ஞாபகத்தில் இருப்பதை எழுதட்டும். பிறகு திறந்து, விட்டதைச் சிவப்புப் பேனையால் சேர்க்கட்டும். அடுத்த நாள் வகுப்பு அந்தச் சிவப்பிலிருந்துதான் தொடங்கும். மூன்று நாள் கழித்து ஒரு தரம், ஒரு வாரம் கழித்து ஒரு தரம்.

முதல் கிழமை நாலு வரிதான் வரும். "இது சரிவராது சேர்" என்று பழையபடி வாசிக்கப் போய்விடுவார்கள். அப்படித்தான் வரும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இன்னொன்று, வரைவிலக்கணத்தை மட்டும் பாடமாக்கி ஒப்புவிப்பார்கள். இதயம் என்றால் படத்தை வரைந்து பெயரிட்டது போதாது, இடது இதயவறையின் சுவர் ஏன் தடிப்பு என்று கேளுங்கள். உடல் முழுக்க இரத்தத்தைத் தள்ள வேண்டியது அதுதான் என்று சொந்த வசனத்தில் வர வேண்டும்.

கொட்டகலை_வாசகர்:
பரீட்சைக்கு முன் நாலு தரம் வாசித்துப் பாஸானவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே?

விஞ்ஞானம்_பண்டாரவளை:
உடனே பரீட்சை என்றால் அது எடுபடும். 2006இல் ரோடிகர், கார்பிக்கே என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவர் இதைச் சோதித்தார்கள். 5 நிமிடத்தில் கேட்டபோது மறுபடி வாசித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களுக்கு 56 சதவீதம், வாசித்தவர்களுக்கு 42. சா/தவில் தரம் 10 பாடமும் வரும், ஒன்பது பாடத்தையும் முதல்நாள் இரவில் அடக்க முடியாது.

கணக்குக்கொப்பி:
கணிதத்துக்கு மேலே சொன்னது அப்படியே ஒத்துவராது. அங்கே கெட்ட பழக்கம் போர்டில் செய்த கணக்கைப் பார்த்தெழுதிவிட்டு "செய்தாச்சு" என்பது. செய்துகாட்டிய கணக்கை மூடிவிட்டுத் திரும்பச் செய்யட்டும், மறுநாள் எண்களை மாற்றிக் கொடுங்கள். ஒரே அலகில் பத்துக் கணக்கு கொடுக்காமல் சதவீதம், தொடை (set), திரிகோணகணிதம் என்று கலந்து கொடுங்கள். வினாத்தாளில் தலைப்புப் போட்டு யாரும் தரமாட்டார்கள்.

பகுதி I 2 மணித்தியாலம், 100 புள்ளி. A பகுதியின் 25 வினாவுக்கும் தலா 2 புள்ளி, அதனால் ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடம்கூடக் கிடையாது. பின்தங்கிய பிள்ளைக்கு முழு பேப்பரைத் தூக்கிக் கொடுத்துப் பயங்காட்டாமல், இந்த 25ஐ மட்டும் மணிக்கூடு வைத்துச் செய்விக்கலாம். புள்ளியிடும் திட்டத்தைச் செய்து முடித்த பிறகே காட்டுங்கள். பிழைத்த கணக்குக்குத் தனிக் கொப்பி போட்டு, எந்த வரியில், ஏன் என்று எழுதச் சொல்லுங்கள். "கவனயீனம்" என்று எழுதினால் ஏற்காதீர்கள். குறி மாறியதா, சூத்திரம் தெரியாதா, வினாவை அரைகுறையாக வாசித்ததா?

இஸ்தோப்பு_வெளிச்சம்:
போனைப் பறிக்க முடியாது, பாடசாலை நோட்ஸே வட்ஸ்அப்பில்தான் வருகிறது. வேண்டியதைக் கொப்பியில் குறித்துக்கொண்டு, டேட்டாவை நிறுத்தி, போனை அம்மாவிடம் கொடுக்கட்டும். மேசையில் கவிழ்த்து வைத்தால் ஐந்து நிமிடத்தில் கை போகும்.

அதோடு, எழுதும் வேலையை வகுப்பிலேயே முடியுங்கள். அம்மா கொழுந்து எடுத்து வந்து சமைக்கும் நேரம், டிவி ஓடும் ஒரே காம்பரா, அங்கே இரண்டு மணித்தியாலம் படி என்பது நடக்கிற காரியமா? வீட்டுக்குச் சிவப்புப் பேனைத் தாள் ஒன்று, 15 நிமிடம், தங்கச்சி கேள்வி கேட்டாலும் போதும். "விடியக்காலை நாலு மணிக்கு எழும்பு" என்ற புத்திமதியும் வேண்டாம். பதினொரு மணிக்குப் படுத்த பிள்ளை அந்தக் குளிரில் போர்வைக்குள் புத்தகத்தோடு தூங்கும்.

மாலைவகுப்பு_ஹட்டன்:
எல்லாப் பாடத்துக்கும் ஒன்றாகத் தொடங்கவா?

விஞ்ஞானம்_பண்டாரவளை:
வேண்டாம். வரலாறு மட்டும், இரண்டு கிழமை. ஹைலைட்டர்களை வாங்கிப் பையில் போட்டுவிட்டுச் சிவப்புப் பேனையைக் கொடுங்கள்.