ஆர்எக்ஸ் 6600-ல் ராக்எம் ஓடவைத்த அனுபவம், உங்களுடையதையும் எழுதுங்க

தக்கலையிலிருந்து எழுதுகிறேன். எங்க பெரியப்பா வில்லுப்பாட்டு பாடுகிறவர். கோயில் கொடைகளில் அவர் பாடியதை முதலில் டேப்பிலும் அப்புறம் போனிலும் வருஷக்கணக்காகப் பதிந்து வைத்திருக்கிறோம், அதையெல்லாம் எழுத்தாக்கணும் என்று பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மாடலை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்த்தேன். சிபியூவில் ஒரு மணி நேரப் பாட்டுக்கு ராத்திரி முழுக்கப் போனது. சரி என்று நாகர்கோவிலில் ஒரு செகண்ட் ஹேண்ட் ஏஎம்டி ரேடியான் ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டேன்.

உபுண்டுவில் படம் உடனே வந்தது. ஏஎம்டிஜிபியூ டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே இருப்பதால் அதற்குத் தனியாக எதுவும் போட வேண்டாம். ஆனால் இந்த மாதிரி கணக்கு கார்டில் ஓட அதற்கு மேலே ராக்எம் என்ற ஏஎம்டியின் மென்பொருள் தொகுப்பு வேண்டும். அதை நிறுவி, கார்டு தெரிகிறதா என்று பார்க்க ராக்எம்இன்ஃபோ கட்டளையைக் கொடுத்தால், கேஎஃப்டி என்ற டிவைஸ் கோப்பைத் திறக்க அனுமதி இல்லை என்கிறது. டிரைவர் கோளாறு என்று நினைத்து இரண்டு தடவை கெர்னலை மாற்றினேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போச்சு. என் யூசர் கணக்கு 'ரெண்டர்' குரூப்பில் இல்லை, அவ்வளவுதான் விஷயம். சேர்த்து, லாக்அவுட் செய்து திரும்ப வந்ததும் கார்டு தெரிந்தது.

அடுத்தது பைடார்ச், விஸ்பர் ஓடுவதற்கு அடியில் இருக்கும் பைத்தான் லைப்ரரி. கார்டு இருக்கிறது என்று சொல்லும், முதல் கணக்கிலேயே 'இன்வேலிட் டிவைஸ் ஃபங்ஷன்' என்று நின்றுவிடும். ஒவ்வொரு சிப்புக்கும் ஜிஎஃப்எக்ஸ் என்று ஒரு ரக எண் உண்டு. ஆர்எக்ஸ் 6600-இன் சிப் ஜிஎஃப்எக்ஸ் 1032, ராக்எம்மோடு நான் போட்ட லைப்ரரிகளோ 1030-க்காகக் கம்பைல் செய்தவை. இரண்டுமே ஆர்டிஎன்ஏ 2 என்ற ஒரே சிப் தலைமுறை என்பதால் 1030-க்கான கோட் 1032-இலும் ஓடும், ஆனால் எண் பொருந்தாததால் ராக்எம் அதை எடுக்கவே மாட்டேன் என்கிறது. 'எச்எஸ்ஏ ஓவர்ரைடு ஜிஎஃப்எக்ஸ் வெர்ஷன்' என்ற சூழல் மாறியில் 10.3.0 என்று கொடுத்தேன், ஓடியது! ராத்திரி முழுக்க எடுத்த பாட்டு, ஒரு கட்டன் சாயா போட்டுக் குடித்து வருவதற்குள் முடிந்திருந்தது. பெரியப்பாவுக்கு முதல் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். நிறையச் சொல் தப்பாக இருந்தது, அவரே உட்கார்ந்து திருத்துகிறார்.

10.3.0-ஐ எல்லாக் கார்டுக்கும் கொடுத்துவிடாதீங்க. ஆர்எக்ஸ் 7600 என்றால் 11.0.0. வாங்குவதற்கு முன்னாடியே கார்டின் ஜிஎஃப்எக்ஸ் எண்ணைப் பார்த்து வையுங்க, பெட்டியில் அது இருக்காது.

*

அண்ணே, நான் குளச்சல். என்னிடம் இருப்பது ஆர்எக்ஸ் 580, அதாவது ஜிஎஃப்எக்ஸ் 803. பழைய ராக்எம்மில் அதற்கு ஆதரவு இருந்தது, பிறகு வந்த வெளியீடுகளில் இல்லை. பழைய பதிப்பைப் பிடித்துவைத்து, அதற்கேற்ற பழைய பைத்தானையும் தேடி, மூன்று நாள் அலைந்தேன். இப்போது ராக்எம்மே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். லினக்ஸின் கிராஃபிக்ஸ் டிரைவர் தொகுப்பான மெசாவில் ராட்வி என்ற டிரைவர் இருக்கிறதே, கார்டை வல்கன் என்ற பொது இடைமுகம் வழியாக இயக்குவது. விஸ்பரின் சி++ வடிவமான விஸ்பர் சிபிபியை வல்கன் ஆதரவோடு கம்பைல் செய்தால் போதும், கார்டு 2017 மாடல் என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. ஓபன்சிஎல் என்ற இன்னொரு கணக்கு இடைமுகத்தை மட்டும் கேட்கிற புரோகிராம் என்றால், அதற்கு மெசா 22.3-இலிருந்து ரஸ்டிக்கல் உண்டு. ஆனால் 'ரஸ்டிக்கல் எனேபிள்' மாறியில் ரேடியான்எஸ்ஐ என்று டிரைவர் பெயரை எழுதிய பிறகுதான், ஓபன்சிஎல் கார்டுகளைப் பட்டியலிடும் சிஎல்இன்ஃபோ கட்டளையில் என் கார்டே தெரிந்தது. அதுவரை டிரைவரே இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

தம்பி, நீங்க சொன்ன வல்கனை நேற்று என் 6600-இலேயே போட்டுப் பார்த்தேன். அதே பாட்டுக்கு ராக்எம்மை விடக் கொஞ்சம்தான் கூடுதல் நேரம். குரூப்பும் வேண்டாம், ஓவர்ரைடும் வேண்டாம். மீதி டேப்புகளை இதிலேயே ஓட்டப்போகிறேன். பெரியப்பாவுக்கு அடுத்த கொடைக்கு முன்னால் முழுப் பாட்டும் கையில் வேண்டுமாம்.